பிட்சையில் எழுந்த ஆசிரமம்



இப்போது எங்கே திரும்பினாலும் ஆன்மீக முகாம் என்று விளம்பரம். காலையில் யோகா, மாலையில் தியானம், நடுவில் மூலிகைக் குளியல். கட்டணத்தைப் படித்தால் நமக்கு வேர்த்துவிடுகிறது. கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும், அதைக் குறை சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு சிலர் தனியாக வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள்: "ஐயா, நாலு நாள் எங்கேயாவது போய் மனசை அமர்த்தி உட்காரணும். கையில் அதிகம் கிடையாது. வகுப்பு, பயிற்சி என்று கட்டிப்போடாத இடமாக ஒன்று சொல்லுங்கள்." அவர்களுக்காகத்தான் இன்றைய பேச்சு.

இடம் இருக்கிறது. திருவண்ணாமலை, செங்கம் சாலை, ரமணாசிரமம். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. சாப்பாட்டுக்கும் இல்லை. புறப்படும்போது மனமுவந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள், கொடுக்காவிட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இதைச் சொன்னதும் நம்மவர்களுக்குக் கண் மலர்கிறது! "அப்போ சும்மாவே தங்கலாமா?" என்கிறார்கள். அந்த 'சும்மா'வில்தான் எனக்குக் கொஞ்சம் பயம். அந்த வீட்டில் ஏன் உலை கொதிக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே உட்காரும் தகுதி வரும்.

1896, ஆகஸ்ட் 29. மதுரையில் வெங்கட்ராமன் என்ற பதினாறு வயதுப் பையன். அண்ணன் தன் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லிப் பெட்டியிலிருந்து 5 ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பையன் தன் வழிச்செலவுக்கு 3 ரூபாய் வைத்துக்கொண்டு, ஒரு சீட்டும் எழுதி, மீதி 2 ரூபாயை அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போகிறான். அப்போதே அந்தக் கணக்கு எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

திருவண்ணாமலை போவதற்காகப் பழைய வரைபடத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று வண்டியில் ஒரு மௌல்வி சொல்கிறார். விழுப்புரத்தில் இறங்கினால் கையில் இருப்பது இரண்டரை அணா. ஒரு சாப்பாட்டுக் கடையில் மத்தியானம் வரை காத்திருந்து சாப்பிட்டுவிட்டு இரண்டு அணாவை நீட்டுகிறான். "உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்கிறார் கடைக்காரர். "இரண்டரை அணா." அவர் வாங்க மறுத்துவிடுகிறார். முதல் பிட்சை அது.

அந்தக் காசில் மாம்பழப்பட்டு வரை ரயில். பிறகு நடை. அரகண்டநல்லூர் கோயில், அடுத்து ஆற்றுக்கு அக்கரையில் கீழூர் கோயில். அங்கே பூஜை முடிந்து பிரசாதம் கேட்டால் குருக்கள் இல்லை என்கிறார். பக்கத்தில் நின்ற கோயில் மேளக்காரர், "என் பங்கை இந்தப் பையனுக்குக் கொடுங்கள்" என்கிறார். இரண்டாவது பிட்சை. அந்தச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீருக்காக ஒரு வீட்டு வாசலில் நின்றபோது மயங்கி விழுகிறான். சோறு சிதறிவிடுகிறது. நினைவு வந்ததும் என்ன செய்தான் தெரியுமா? மண்ணில் கிடந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றான்.

இதை ஞாபகத்தில் வையுங்கள்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு. காதில் கிடந்த கடுக்கனை அவரிடமே வைத்து 4 ரூபாய் வாங்கிக்கொள்கிறான். மீட்பதற்கு அவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயிலேறுகிறான். செப்டம்பர் 1 காலை அண்ணாமலையார் சன்னதி. வெளியே வந்ததும் மீதிக் காசையும், பாகவதர் வீட்டில் கட்டிக்கொடுத்த பலகாரப் பொட்டலத்தையும் அய்யங்குளத்தில் எறிந்தாயிற்று. கையில் ஒன்றுமில்லை. ரமணர் என்று நாம் கும்பிடுகிறவரின் திருவண்ணாமலை வாழ்க்கை அங்கே தொடங்குகிறது.

அதன் பிறகு அவர் தெருவிலேயே பிட்சை எடுத்திருக்கிறார். ஒரு வீட்டு முன் நின்று கையைத் தட்டுவார். கையில் போட்டதை நின்ற இடத்திலேயே சாப்பிட்டுவிட்டு நடந்துவிடுவார். பிறகு மலையிலுள்ள விரூபாக்ஷ குகையில் அன்பர்கள் சேர்ந்தார்கள், அவர்கள் ஊருக்குள் போய் வாங்கி வருவார்கள். இவர்கள் பெயரைச் சொல்லி வேறு ஆட்களும் வாங்க ஆரம்பித்துவிட்டார்களாம். நம் ஊர் அப்போதும் நம் ஊர்தானே! அடையாளத்துக்கு ஒரு பாட்டு வேண்டுமென்று அன்பர்கள் ரமணரிடம் கேட்டபோதுதான் அருணாசல அக்ஷரமணமாலை பிறந்தது. 108 கண்ணி. நாம் உருகி உருகிப் பாடுகிறோமே, அது பிட்சைக்குப் போனவர்கள் பாடிய பாட்டு. எச்சம்மாள் என்ற தாயார் நாள் தவறாமல் மலைக்குச் சோறு சுமந்தார். 1916-ல் பெற்ற தாய் அழகம்மாள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு என்று ஒன்று அங்கே எரிந்தது. 1922-ல் அந்தத் தாய் மறைந்து, அவர் சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ஆசிரமம்.

ஆசிரமம் வளர்ந்த பிறகும் விடியுமுன் சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் ரமணர். தரையில் ஒரு அரிசி கிடந்தாலும் பொறுக்கி எடுப்பார். பந்தியில் தனக்கு மட்டும் கூடுதலாக ஒரு கரண்டி விழுந்தால் பரிமாறியவருக்குத் திட்டு விழும். கீழூரில் மண்ணில் பருக்கை பொறுக்கிய கை அது. மத்தியானம் நமக்கு மணி அடிக்குமுன் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அங்கே அன்னமிடுகிறார்கள். வரிசை அதுதான், நாம் அதற்குப் பின்னால்.

ஆகவே அங்கே போகிறவர் வாடிக்கையாளர் அல்ல. பிட்சைக்கு வந்தவர். தரையில் உட்காருகிறோம், இலை போடுகிறார்கள், சோறு விழுகிறது. காரம் தூக்கலா, காபி இல்லையா என்ற பேச்சுக்கு இடமில்லை. போதும் என்றால் கை காட்டவேண்டும், இலையில் மீதம் வைக்கக்கூடாது. ஒரு வேளையாவது இப்படி முகம் சுளிக்காமல் சாப்பிட்டுப் பாருங்கள். வீட்டில் சாம்பாரில் உப்புக் குறைந்ததற்கு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறோம் என்று தானாகவே தெரியும்.

இன்னொன்று. அங்கே யாரும் உங்களுக்குப் பாடம் எடுக்கமாட்டார்கள். விபஸ்ஸனா தியானத்தின் பத்து நாள் முகாமுக்கும் கட்டணம் கிடையாது, ஆனால் அங்கே விடிகாலை 4 மணிக்கு மணி, முழு மௌனம், நேரத்துக்கு நேரம் கட்டுப்பாடு. அந்தக் கட்டு சிலருக்கு வேண்டும், அவர்கள் அங்கே போகலாம். கேரளத்துக் காஞ்ஞங்காட்டில் சுவாமி ராம்தாஸ் 1931-ல் நிறுவிய ஆனந்தாசிரமத்தில் நாள் முழுக்க ராமநாமம் ஒலிக்கும், அதில் கலந்துகொள்ளலாம். ரமணாசிரமத்தில் காலையும் மாலையும் வேத பாராயணம், அந்தியில் தமிழ்ப் பாராயணம், சாப்பாட்டு மணி, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் உங்களுடையது. ரமணர் இருந்த பழைய ஹாலில் போய் உட்காரலாம், பின்பக்கம் மலைப்பாதை ஏறி, அவர் முன்பு தங்கியிருந்த ஸ்கந்தாசிரமம் போகலாம். ஒன்றுமே செய்யாமல் மயிலைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம்.

கேட்க இனிமையாக இருக்கிறது. இரண்டாம் நாள் மத்தியானம் வரும்போது தெரியும். கை தானாக செல்போனைத் தேடும். ஊருக்குப் போய்விடலாமா, பஸ் எத்தனை மணிக்கு என்று மனசு கணக்குப் போடும். அந்த நேரத்தில் ஓடிவிடாதீர்கள். தவிப்பது யார் என்று உள்ளே திரும்பிப் பார்க்கச் சொன்னார் ரமணர், அதைச் செய்ய அந்தப் புழுக்கமான மத்தியானத்தைவிட நல்ல நேரம் கிடையாது. பாராயண நேரத்தில் சிலிர்ப்பதெல்லாம் பெரிய காரியமில்லை.

போக விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஆசிரமத்துக்கு எழுதி, அனுமதி வந்த பிறகு புறப்படுங்கள். கார்த்திகை தீபம், பௌர்ணமி, ரமண ஜயந்தி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது கிரிவலம் வருகிற கூட்டத்தில் ஊரே திணறும். எத்தனை பேர், எத்தனை நாள் என்று சரியாகக் குறிப்பிடுங்கள். போக முடியாமல் போனால் அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்த அறைக்கு வேறொருவர் காத்திருப்பார்.