பத்திகளுக்கு நடுவே இருக்கும் வெள்ளை யாருடையது?

மைக்ரோசாஃப்ட் வேர்டின் 2003 பதிப்பு வரைக்கும் ஒரு பத்தி முடிந்து அடுத்தது தொடங்கும்போது நடுவில் தனியாக எந்த இடமும் விழாது. டைம்ஸ் நியூ ரோமன் எழுத்து, 12 பாயின்ட் அளவு, ஒற்றை வரி இடைவெளி, பத்திக்குப் பின் பூஜ்யம். 2007 பதிப்பில் பத்திக்குப் பின் 10 பாயின்ட் வந்தது. வரி இடைவெளி 1.15 ஆனது. 2013இல் அவை 8 பாயின்ட், 1.08 என்று மாறின. இந்த எண்களை மாற்றியவர்கள் யாருடைய கட்டுரையையும் படித்துப் பார்த்து மாற்றவில்லை. படித்திருக்கவும் முடியாது, அந்தக் கட்டுரைகள் அப்போது எழுதப்படவே இல்லை. ஆனாலும் அதன் பிறகு அடிக்கப்பட்ட கடிதம், ஆய்வேடு, பிரசங்கம், இரங்கல் குறிப்பு எல்லாவற்றிலும், எழுதியவர் கை வைக்காத வரைக்கும், ஒரு எண்ணத்துக்கும் அடுத்த எண்ணத்துக்கும் நடுவில் வாசகர் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை அந்த எண்களே சொல்லிவந்தன. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனிலும் கதை இதுதான். எந்தக் கோப்பும் திறந்திராத நேரத்தில் அடிப்படைப் பத்தி ஸ்டைலில் ஒரு மதிப்பைப் போட்டுவிட்டால், இனிப் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொரு கோப்பும் அந்த மதிப்போடுதான் பிறக்கும். வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எழுதப்படாத பிரதிகளுக்கு மௌனத்தை அளந்து வைக்கும் வேலை இது. வடிவமைப்புச் சிக்கல் என்று எடுத்துக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஆனால் இதற்குள் சமயங்கள் நெடுங்காலமாகக் கவலைப்பட்ட ஒரு கேள்வி இருக்கிறது: எழுதாமல் விட்ட இடமும் பிரதியைச் சேர்ந்ததா? சேர்ந்தது என்றால், அதைத் தீர்மானிக்க யாருக்கு உரிமை?

யூத மரபு இதற்குச் சட்டமாகவே விடை சொல்லிவைத்திருக்கிறது. தொழுகைக் கூடத்தில் வாசிக்கும் வேதமான தோராவின் சுருளைக் கையால் எழுத வேண்டும். அதில் உயிரொலிக் குறி கிடையாது, நிறுத்தற்குறி கிடையாது, வசன எண் கிடையாது. எழுத்தும் வெற்றிடமும்தான். பகுதிகளைப் பிரிக்கும் வெற்றிடத்தில் இரண்டு வகை உண்டு. திறந்த பகுதி என்றால், முந்தையது முடிந்த வரியின் மிச்சத்தை வெறுமையாக விட்டு, புது வரியில் தொடங்க வேண்டும். மூடிய பகுதி என்றால், ஒன்பது எழுத்து எழுதக்கூடிய அளவுக்கு இடம் விட்டு அதே வரியில் தொடர வேண்டும். 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், தமது சட்டத் தொகுப்பான மிஷ்னே தோராவில் இதில் கொஞ்சமும் தளர்வு காட்டவில்லை. திறந்ததை மூடியதாக எழுதினாலும், மூடியதைத் திறந்ததாக எழுதினாலும், விடக் கூடாத இடத்தில் இடம் விட்டாலும், விட வேண்டிய இடத்தில் விடாமல் போனாலும் சுருள் செல்லாது. இதைச் சுரண்டித் திருத்தவும் வழியில்லை. சுருளின் அந்தப் பக்கம் முழுவதையும் எடுத்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். மை படாத இடத்தில் செய்த பிழைக்கு இவ்வளவு தண்டனை. 1947இல் கும்ரான் குகையில் கிடைத்த ஏசாயா சுருளிலும் இப்படிப் பகுதிகளைப் பிரிக்கும் வெற்றிடங்கள் இருக்கின்றன. எழுதுகிறவர்களுக்கு இடைவெளி மேல் இருந்த அக்கறை மைமோனிடிஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது.

சட்டம் இருக்கட்டும், காரணம் என்ன? லேவியராகமத்துக்கு எழுதப்பட்ட தொன்மையான உரையான சிஃப்ரா அந்தக் கேள்வியை நேராகவே கேட்கிறது. கடவுள் மோசேயிடம் பேசியபோது நடுநடுவே இந்த இடைவெளிகள் எதற்கு? ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும், ஒரு பொருளுக்கும் இன்னொரு பொருளுக்கும் நடுவில் மோசே நிதானித்துச் சிந்திப்பதற்கு என்பது அதன் விடை. கடவுளிடமிருந்து நேராகக் கேட்ட மோசேக்கே அப்படி ஓர் அவகாசம் வேண்டியிருந்தது என்றால், சாதாரண மனிதனிடமிருந்து கேட்கும் சாதாரண மனிதனுக்கு எவ்வளவு வேண்டும் என்று அந்த உரை மேலும் வாதிடுகிறது. 11ஆம் நூற்றாண்டின் ராஷி இதையே தமது உரையில் எடுத்தாள்கிறார். அவரே ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில், யாக்கோபின் கடைசி நாட்களைச் சொல்லும் பகுதிக்கு முன்னால் வழக்கமான இடைவெளி இல்லாததைக் கவனிக்கிறார். யாக்கோபு இறந்ததும் அடிமைத்தனத்தின் துயரத்தால் இஸ்ரவேலரின் கண்ணும் மனமும் மூடிக்கொண்டன. அதனால்தான் இந்தப் பகுதி மூடியிருக்கிறது என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று. இந்த விளக்கத்தை நம்ப வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை. அதன் பின்னால் இருக்கும் அனுமானம்தான் முக்கியம்: இடைவெளி இருக்கிறது என்றால் ஒருவர் அதை அந்த இடத்தில் வைத்திருக்கிறார், இல்லை என்றால் அந்த இல்லாமையையும் ஒருவர் வைத்திருக்கிறார். மென்பொருள் தானாகவே போடும் டீஃபால்ட் இடைவெளி உடைப்பது இந்த அனுமானத்தைத்தான். வேர்டில் அடித்த ஒரு பக்கத்தில் இரண்டு பத்திகளுக்கு நடுவே 8 பாயின்ட் வெள்ளை தெரிந்தால், அதை வைத்து எழுதியவர் மனத்தைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது.

‘புனித நூலின் நியாயத்தை அலுவலகச் சுற்றறிக்கைக்குக் கொண்டுவரலாமா? பத்தி இடைவெளி கண்ணுக்கான வசதி, அவ்வளவுதானே?’ என்று கேட்கலாம். கண்ணுக்கான வசதி என்று செய்த ஒன்று அறிவை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிறிஸ்தவ பைபிளின் அச்சு வரலாறே சாட்சி. 1551இல் ராபர்ட் எஸ்தியேன் தமது கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் வசன எண்களைச் சேர்த்தார். தேடி எடுக்க உதவும் நல்ல ஏற்பாடு. 1560இன் ஜெனீவா பைபிள் ஒவ்வொரு வசனத்தையும் தனிப் பத்தியாகவே அச்சிட்டது. 1611இன் கிங் ஜேம்ஸ் பதிப்பும் அப்படித்தான் வந்தது. ஆனால் பொருள் எங்கே மாறுகிறது என்று காட்ட அது பத்திக் குறி ஒன்றையும் ஆங்காங்கே போட்டது. வினோதம் என்னவென்றால், அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்தோடு அந்தக் குறி நின்றுபோகிறது. அதற்குப் பின்னால் வரும் பவுலின் நிருபங்கள் முழுவதும் எண்ணத்தின் பிரிவைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லாமல், சம அளவில் துண்டுபோட்ட வசனங்களாகவே அச்சாயின. பிற்பாடு ஜான் லாக் பவுலின் நிருபங்களைப் புரிந்துகொள்வது பற்றி எழுதியபோது முறையிட்டதும் இதைத்தான். ஒரே வாதமாக ஓடும் கடிதத்தை வசனங்களாக நறுக்கிவிட்டதால், சாதாரண மக்கள் ஒவ்வொன்றையும் தனிப் பொன்மொழியாக எடுத்துக்கொள்கிறார்கள். படித்தவர்களுக்கும் வாதத்தின் இழை அறுந்துபோகிறது. ஒவ்வொரு பிரிவினரும் தமக்குத் தோதான துண்டைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு வருகிறார்கள் என்றார். அச்சுக்கூடத்தின் வசதிக்காகச் சீராக விழுந்த வெள்ளை, இறையியல் சண்டைக்கு ஆயுதம் எடுத்துக் கொடுத்தது. சுற்றறிக்கையில் ஆபத்து இந்த அளவுக்குப் போகாது, உண்மைதான். ஆனால் நடக்கும் காரியம் ஒன்றே: பொருள் மாறும் இடமும் மூச்சு விடும் இடமும் ஒரே அளவு இடைவெளியில் வந்தால், வாசகர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்வார்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. தோரா எழுதுகிறவருக்கு ஒரு எழுத்து அளவுக்கும் சுதந்திரம் இல்லை. அப்படியானால் உலகத்திலேயே மிக இறுக்கமான டீஃபால்ட் அதுதானே? மென்பொருளில் வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம், சுருளில் அதுவும் முடியாது. அதோடு மைமோனிடிஸ் செய்ததும் தரப்படுத்தல்தான். தாம் பார்த்த சுருள்களிலெல்லாம் இடைவெளிகள் குழப்பமாக இருந்ததைக் கண்டு, பென் ஆஷேர் என்ற பழைய பிரதி அறிஞர் சரிபார்த்த ஒரே ஒரு பழைய பிரதியை ஆதாரமாகக் கொண்டு பட்டியல் போட்டார். அலெப்போ பிரதி என்று இன்று அறியப்படுவது அதுதான் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆனால் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். இந்தப் பகுதி திறந்தது, இது மூடியது, இதுவும் மூடியது என்று ஒவ்வோர் இடமாகப் பெயர் சொல்லிப் போகிறது அது. ஒரு குறிப்பிட்ட நூலை முழுக்க வாசித்தவர் அந்த நூலுக்காக மட்டும் செய்த முடிவுகள் அவை. அவர் பெயரும் அவர் காட்டும் ஆதாரமும் முடிவோடு சேர்ந்தே நிற்கின்றன, மறுக்க நினைப்பவருக்கு மறுக்க இடம் உண்டு. திறந்தது எது மூடியது எது என்ற வரையறையிலேயே பின்னால் வந்த சட்ட அறிஞர் ஆஷேர் பென் யெஹியேல் மைமோனிடிஸோடு மாறுபட்டார்; பிற்காலத்தவர்கள் இருவருக்கும் ஒத்துவரும் வடிவத்தைத் தேடினார்கள். டீஃபால்ட் எண்ணோடு அப்படிச் சண்டை போட முடியாது. எந்த நூலையும் மனத்தில் வைத்து எழுந்த எண் அல்ல அது; எந்த இடத்தையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மாற்றலாம் என்பது சரி, ஆனால் எதை மாற்றுவது என்று தோன்ற முதலில் அது ஒரு கேள்வியாகக் கண்ணில் பட வேண்டும். டீஃபால்ட்டின் பலமே கேள்வியாகத் தெரியாமல் இருப்பதில்தான்.

சரி, இந்த மௌன வியாபாரமே தேவையில்லை என்று அரிஸ்டாட்டில் சொல்லியிருப்பார். அவர் காலத்துக் கிரேக்கச் சுவடிகளில் ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டுப் பிரிவைக் காட்டுவார்கள். பேச்சுக்கலை பற்றிய தமது நூலில் அவர், வாக்கியம் முடிந்ததை எழுத்தரும் அந்தக் கோடும் காட்டக் கூடாது, ஓசையின் நடையே காட்ட வேண்டும் என்கிறார். தமிழ் ஓலைச் சுவடிகள் அதற்கு உதாரணமாக நிற்கக்கூடியவை. அடியும் சீரும் பிரிக்காமல், பல சமயம் புள்ளிகூட வைக்காமல், ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாட்டு ஓடும். அடி எங்கே முடிகிறது என்பதை யாப்பு சொல்லும், எதுகை சொல்லும். படிக்கிறவருக்கு யாப்பு தெரியாவிட்டால் சுவடியால் பயனில்லை. செய்யுளுக்கு இந்த வாதம் முழுக்கப் பொருந்தும். உரைநடைக்குத்தான் இடிக்கிறது: அதற்கு யாப்பு கிடையாது, அதைப் படிப்பவர் ஆசானிடம் பாடம் கேட்டவரும் அல்ல. ஓசை விட்டுச் சென்ற வேலையை உரைநடையில் வெற்றிடம்தான் ஏற்றுக்கொண்டது. ஆகவே அரிஸ்டாட்டிலின் வாதம் இடைவெளி வேண்டாம் என்ற முடிவுக்கு நம்மைக் கொண்டுபோகவில்லை. பிரிவு பிரதியின் உள்ளேயிருந்து வர வேண்டும், வெளியே இருந்து ஒட்டப்படக் கூடாது என்ற முடிவுக்கே கொண்டுபோகிறது. அதில் எனக்கு மறுப்பில்லை.

பூஜ்யத்தில் வைத்துவிட்டால் குற்றமில்லை என்று நினைப்பவர்களும் உண்டு. வேர்டின் பழைய அமைப்பே யோக்கியமானது என்பார்கள். பத்திக்கு முன்னும் பின்னும் பூஜ்யம், முதல் வரி உள்ளடங்கலும் பூஜ்யம் என்று வைத்து, கடைசி வரி ஓரம் வரைக்கும் நிரம்பி முடிந்தால் என்ன ஆகும்? அடுத்த பத்தி தொடங்கியதே தெரியாது. எழுதியவர் செய்த பிரிவு காகிதத்தில் காணாமல் போகும். திறந்த பகுதிக்கான விதியில் மைமோனிடிஸ் இந்த இடரையும் யோசித்திருக்கிறார்: முந்தைய பகுதி வரியின் கடைசியிலேயே முடிந்துவிட்டால், ஒரு முழு வரியை வெறுமையாக விட்டு அதற்கடுத்த வரியில் தொடங்க வேண்டும். அச்சுத் தொழில் இதே இடருக்கு வேறு வழி கண்டது, முதல் வரியைச் சற்று உள்ளே தள்ளுவது. உள்ளடங்கல் அல்லது இடைவெளி, இரண்டில் ஒன்று போதும் என்று நூல் வடிவமைப்பாளர்கள் சொல்வதற்குக் காரணமும் இதுதான். எந்த வழியாக இருந்தாலும் சரி, பிரதி அந்த இடத்தில் எப்படி முடிந்தது என்பதைப் பார்க்காமல் செய்ய முடியாது.

இந்த இடத்தில், டி.டி.பி. தொழிலில் பயிற்சி பெற்றவர்கள் கேலி செய்யும் ஒரு பழக்கத்துக்காகக் கொஞ்சம் வாதாடத் தோன்றுகிறது: என்டர் பொத்தானை இரண்டு முறை தட்டி வெற்றுப் பத்தியால் இடம் விடுவது. தொழில்முறையில் அது பிழைதான். பக்கம் மாறும்போது அந்த வெற்றுப் பத்தி அடுத்த பக்கத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஸ்டைலில் பத்திக்கு முன் இடைவெளி கொடுத்திருந்தால், சட்டகத்தின் உச்சியில் இன்டிசைன் அதைத் தானே விட்டுவிடும். ஆனாலும் இரண்டு முறை தட்டுகிறவர் அந்த இடத்தில் ஒரு கணம் நின்றிருக்கிறார். இங்கே கொஞ்சம் அதிகம் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். அவர் கையிலிருக்கும் கருவி தவறு, அவர் எடுத்த முடிவு தவறல்ல. ஸ்டைல் கற்றுத் தரும்போது நாம் செய்வது, கருவியைச் சரிசெய்யும் சாக்கில் அந்த முடிவெடுக்கும் பழக்கத்தையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது. பொருள் தொடரும்போது ஒரு ஸ்டைல், பொருள் மாறும்போது இன்னொரு ஸ்டைல் என்று குறைந்தது இரண்டு வைத்துக்கொடுத்தால், நின்று யோசிக்கும் பழக்கமும் தங்கும், பக்கமும் கெடாது. திறந்தது, மூடியது என்ற பிரிவுக்கு இன்றைய கருவிகளில் இதைவிடப் பக்கமாக வரக்கூடிய ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

அளவு எவ்வளவு என்பது மிச்சம் இருக்கிறது. மூடிய பகுதிக்கான வெற்றிடத்தை விரல்கடையாலும் முழத்தாலும் சொல்லவில்லை, ஒன்பது எழுத்து என்றார்கள். எழுத்து பெரிதானால் வெற்றிடமும் பெரிதாகும், சிறுத்தால் சிறுக்கும். மௌனத்துக்கு அளவுகோல் அந்தப் பிரதியின் சொந்த எழுத்தே. 10 பாயின்டுக்கு அந்த உறவு இல்லை. 11 பாயின்ட் எழுத்துக்கும் அது 10தான், 18 பாயின்ட் எழுத்துக்கும் 10தான். வரி உயரத்தில் பாதியும் இல்லை, முழுதும் இல்லை. இரண்டு மூன்று பத்தி போவதற்குள் எதிரெதிர்ப் பக்கங்களின் வரிகள் ஒன்றுக்கொன்று பிசகிவிடும், மெல்லிய தாளில் பின்பக்கத்து வரி முன்பக்கத்து வெள்ளையில் நிழலாகத் தெரியும். டீஃபால்ட் வைத்தே தீர வேண்டியவர் எண்ணை யோசிக்கும் முன் உடல் எழுத்தின் வரி உயரத்தைத் தீர்மானித்துவிட்டு, இடைவெளியை அதன் பாதியாகவோ ஒரு முழு வரியாகவோ வைக்கலாம். அதற்குப் பிறகும் ஒரு வேலை பாக்கி: அந்தக் கோப்பில் உண்மையான பிரதி வந்து விழுந்ததும் அதை ஒருமுறை முழுக்கப் படித்து, எந்தெந்த இடத்தில் அந்த அளவு பொய் சொல்கிறது என்று பார்ப்பது. பதிப்பகங்களில் இந்தப் படிப்புக்கு நேரம் ஒதுக்கப்படுவதில்லை. மெய்ப்பு பார்ப்பவருக்கும் எழுத்தைப் பார்க்கத்தான் கூலி, வெள்ளையைப் பார்க்க அல்ல.