இன்னொருவருக்காக வருந்துதல்

நமக்கு பி.ஆர்.ஓ. என்றால் சினிமா டைட்டிலில் வேகமாக வந்து மறையும் ஒரு பெயர். 1958-ல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் அந்த வேலையைப் பார்த்தார். அன்றிலிருந்து தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் அதுதான் பொருள். மிஞ்சிப் போனால் கலெக்டர் ஆபீசிலிருந்து செய்திக்குறிப்பு அனுப்பும் அதிகாரி. இதைக் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம், அசைன்மென்ட், செமஸ்டர், மார்க் எல்லாம் இதற்கும் உண்டு என்பது, என் சித்தி மகள் மக்கள் தொடர்பில் முதுகலை படிக்க அமெரிக்கா போனபோதுதான் எங்கள் வீட்டில் பலருக்குத் தெரிந்தது. “பேசறதுக்கு ஒரு படிப்பா?” என்றார் பெரியப்பா. கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் நல்ல கேள்வி. கொஞ்சம் திருத்தினால் இன்னும் நல்ல கேள்வி: இன்னொருவருக்காகப் பேசுவதற்கு ஒரு படிப்பா?

அங்கே இது பழைய படிப்பு. ஃப்ராய்டின் தங்கை மகன் எட்வர்ட் பெர்னேஸ் 1923-லேயே நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புக்கு ஒரு பாடம் நடத்தினார். பாஸ்டன் பல்கலைக்கழகம் 1947-ல் இதற்கென்று தனிப் பள்ளியே தொடங்கிவிட்டது.

தங்கை தன் அசைன்மென்ட்களை எனக்கு அனுப்புவாள். காசு வாங்காத புரூஃப் ரீடர் நான். முதல் செமஸ்டரில் செய்திக்குறிப்பு எழுதப் பழக்குகிறார்கள். முக்கியமானது முதல் பத்தியில், மற்றது கீழே. கமா எங்கே, எண்ணை எப்போது எழுத்தில் எழுத வேண்டும் என்பதற்கெல்லாம் அசோசியேட்டட் பிரஸ்ஸின் நடைக் கையேடு. ஒரு ஆளின் பெயரைத் தப்பாக எழுதினால் மொத்தத் தாளுக்கும் பூஜ்யம். இந்த விதி எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் தொழிலிலும் ஒரு எழுத்து தப்பினால் புரோகிராம் ஓடாது.

இரண்டாவது செமஸ்டரில் நெருக்கடி காலத் தொடர்பு. ஒரு கற்பனைப் பால் கம்பெனி. அதன் சாக்லேட் பாலைக் குடித்த பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். பேராசிரியர் ஒரு தாள் கொடுப்பார். எத்தனை பேர், எந்த ஊர், எந்தத் தேதியில் தயாரித்த பால், கம்பெனி இதுவரை என்ன செய்திருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். இருபது நிமிஷத்தில் முதல் அறிக்கை எழுத வேண்டும். பாதியில் இன்னொரு தாள் வரும், எண்ணிக்கை கூடியிருக்கும். “இன்னிக்கு முப்பது பேர் சேர்ந்து ஒரே பால் கம்பெனிக்காக வருத்தப்பட்டோம்ணா” என்று மெசேஜ் அனுப்பினாள். அவள் எழுதியதில் பேராசிரியர் ஒரு வரிக்குக் கீழே கோடு போட்டு, வருத்தம் இன்னும் முன்னால் வரட்டும் என்று குறித்திருந்தார்.

இதைக் கேட்டதும் நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரி முகம் சுளித்தார்கள். வருத்தத்தையும் மார்க்குக்கு எழுதுகிறார்களா, எல்லாம் போலி என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மன்னிப்பு என்பது எல்லோரும் மனப்பாடம் செய்து கற்றதுதான். “சாரி சொல்லு” என்று குழந்தையின் தோளைப் பிடித்து நிறுத்துகிறோமே, அந்த நேரத்தில் அதற்குள் வருத்தமா இருக்கிறது? சாவு வீட்டில் “என்ன சொல்றதுன்னே தெரியல” என்கிறோம். அதுவும் யாரோ சொல்லக் கேட்டுக் கற்ற வாக்கியம்தான். சொல் கடன் வாங்கியது என்பதாலேயே உணர்ச்சி பொய்யாகிவிடாது. பேசத் தெரியாதவருக்காகப் பேசுவது பல நேரம் உதவியும்கூட. வக்கீல் அதைத்தானே செய்கிறார்.

என்னை உறுத்துவது அந்தத் தாள். வகுப்பில் உலகம் முழுவதும் அந்தத் தாளுக்குள் முடிந்துவிடுகிறது. கம்பெனி கற்பனை என்பதால் போய்ப் பார்க்க ஆலை இல்லை, போன் போட ஆஸ்பத்திரி இல்லை. பெயரைத் தப்பாக எழுதினால் பூஜ்யம் என்றேன் அல்லவா? தப்பு என்றால் அங்கே தாளில் இருப்பதற்கு மாறாக எழுதுவது. தாளே தப்பாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு மார்க் கிடையாது. இரண்டு வருஷம் இப்படிப் பழகிய பிறகு ‘ஃபேக்ட்’ என்ற சொல்லுக்கு ‘எனக்குக் கொடுக்கப்பட்டது’ என்று பொருள் மாறிவிடும்.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீயின் கதையே அதுதான். 1906-ல் அவர் பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஒரு கொள்கை அறிக்கை அனுப்பினார். எங்கள் வேலை வெளிப்படையானது, தரும் தகவல் சரியாக இருக்கும், சரிபார்க்க நினைக்கும் ஆசிரியருக்கு உதவுவோம் என்றது அது. பாடப் புத்தகங்கள் அதைப் பெருமையோடு சொல்லும். எட்டு வருஷம் கழித்து, 1914 ஏப்ரல் 20 அன்று, கொலராடோவின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்களை மாகாணப் படையினரும் கம்பெனிக் காவலர்களும் தாக்கினார்கள். கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்துக்கு அடியில் குழியில் ஒளிந்திருந்த இரண்டு பெண்களும் பதினோரு குழந்தைகளும் இறந்தார்கள். அதற்குப் பிறகு ராக்ஃபெல்லர் தரப்புக்காகத் துண்டறிக்கைகள் தயாரித்துக் கொடுத்தவர் லீ. தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு ஊதிக் காட்டிய எண்கள் அவற்றில் இருந்தன. பின்னர் விசாரணைக் கமிஷன் முன்னால் நின்றபோது, சுரங்க நிர்வாகிகள் கொடுத்ததைத்தான் பயன்படுத்தினேன், அதைச் சரிபார்க்க ஒன்றும் செய்யவில்லை என்றார். ஆசிரியர்கள் சரிபார்க்க உதவுவதாக வாக்குக் கொடுத்தவர், தான் சரிபார்க்கவில்லை.

லீ பொய் சொன்னாரா? பொய் என்பது மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்வது என்பது புனித அகஸ்டின் காலத்திலிருந்து வரும் விளக்கம். அதன்படி விசாரிக்காதவன் பொய்யே சொல்ல முடியாது. மனதில் ஒன்றுமே இல்லையே. எவ்வளவு வசதி பாருங்கள். உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் பேசுவது பொய்யைவிட ஆபத்து என்று ஹாரி ஃப்ராங்க்ஃபர்ட் 1986-ல் ஒரு சின்னக் கட்டுரையில் வாதிட்டார். விளம்பரத்தையும் மக்கள் தொடர்பையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். ஆனால் அவர் காட்டும் ஆளுக்கும் என் தங்கைக்கும் ஒற்றுமை கிடையாது. இவளுக்குக் கவலை நிறைய உண்டு. கவலைப்பட்டும் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில் அவளுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் புறநானூற்று ஔவை ஞாபகம் வருவாள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறாள். அவன் தன் ஆயுதசாலையைக் காட்டுகிறான். இங்கே வேல்கள் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். பாராட்டு போல ஒரு மிரட்டல். இன்றைய பி.ஆர். ஏஜென்சி எதுவும் இதைத் தாண்ட முடியாது. அவள் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசுகிறாள். ஆனால் இரண்டு பக்கத்து வேலையும் தெரிந்து பேசுகிறாள். கொல்லன் பட்டறையை அறியாமல் அந்தப் பேச்சு வராது.

போன குளிர்காலத்தில் தங்கை ஒரு சின்ன ஏஜென்சியில் இன்டர்னாக இருந்தாள். கிளையன்ட், வீடுகளை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனம். ஜனவரிக் குளிரில் ஒரு குடியிருப்பில் ஹீட்டர் நின்றுபோய், உள்ளூர்ச் செய்தியில் வந்துவிட்டது. 24 மணி நேரத்துக்குள் எல்லா வீடுகளிலும் வெப்பம் திரும்பியது என்று இவள் எழுத வேண்டும். “நமக்கு எப்படித் தெரியும்?” என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். கிளையன்ட் சொன்னால் அதுதான் ஃபேக்ட் என்று பதில். படிப்புக்கு அந்த இன்டர்ன்ஷிப்பின் மதிப்பெண் வேண்டும், அடுத்த வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும், இருப்பதோ மாணவர் விசாவில். வாக்கியத்தின் முடிவில் ‘என்று நிறுவனம் தெரிவிக்கிறது’ என்று சேர்த்து அனுப்பினாள். மேலாளரும் விட்டுவிட்டார். வழக்கப்படி அறிக்கையின் தலையில், தொடர்புக்கு என்ற இடத்தில், இவள் பெயரும் நம்பரும்.

மறுநாள் ஒரு வயதான பெண்மணி கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லையாம். மூன்றாவது நாளாக அடுப்பைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, “நீ இங்கே வந்து பார்த்தாயா?” என்று மட்டும் கேட்டாராம். இங்கே சென்னையில் நள்ளிரவு தாண்டியிருந்தது, தங்கை எனக்குப் போன் செய்தாள். “நான் பொய் சொல்லலதானேண்ணா?” அகஸ்டின் கணக்குப்படி இல்லை. அந்த நேரத்தில் அகஸ்டினைப் பற்றிப் பேச முடியுமா என்ன. “அந்தம்மா கேட்டது வேற கேள்விம்மா” என்றேன்.

‘தெரிவிக்கிறது’ என்பது ஒரு குடை. எழுதுகிறவர் நனையாமல் இருக்கலாம். குளிரில் இருப்பவருக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. அதற்காக இருபத்து மூன்று வயது இன்டர்ன் வேலையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும் என்று சொல்வது எனக்குச் சுலபம், விசா எனக்கு இல்லையே. நான் கேட்பது அதைவிடச் சின்னது. அந்தக் குடியிருப்புக்கு ஒரு போன். பத்து நிமிஷ வேலை. அது அவளுடைய வேலை இல்லை என்று கற்றுக்கொடுத்தது யார்? அடுத்த நாள், கூப்பிட்ட மூன்று பேரின் வீட்டு எண்களை எழுதி, அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று மேலாளருக்கு மெயில் போட்டாள். மெக்கானிக் போனார். திருத்தம் வரவில்லை. மீதி வாரங்களுக்கு அவளுக்கு சோஷியல் மீடியா போஸ்ட்களுக்கு அட்டவணை போடும் வேலை. கடிதம் கிடைத்தது, அதில் ‘நேரம் தவறாதவர்’ என்று இருந்தது.

எனக்கு இதில் தனி அக்கறை உண்டு. நான் தாள் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறவன். சர்வர் விழுந்தால், எத்தனை பேருக்குப் பாதிப்பு என்று தொடர்புக் குழு எங்களைத்தான் கேட்கும். நாங்கள் ஒரு எண் கொடுப்போம். அது வெளியே போகும்போது ‘சில பயனர்கள்’ ஆகிவிடும். பல வருஷத்தில் ஒரே ஒரு பெண்தான் திருப்பிக் கேட்டார். எந்த நேரத்திலிருந்து எண்ணினீர்கள், லாகின் செய்யவே முடியாதவர்கள் இதில் சேர்த்தியா என்று. சேர்த்தி இல்லை. உள்ளே வர முடிந்தவர்களைத்தான் எங்கள் கணக்கு எண்ணும். யாரும் மறைக்கவில்லை, கேட்கும் வரை அது யார் மனதிலும் இல்லை. கணக்கை மறுபடி எடுத்தோம். அந்த முறை ‘சில’ என்ற சொல் போகவில்லை.

நெருக்கடி வகுப்பின் செல்லப் பாடம் 1982 டைலனால் விவகாரம். சிகாகோ பக்கத்தில் யாரோ மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் சுமார் 3.1 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தது. வேகமாகவும் வெளிப்படையாகவும் பேசியதைப் பாடம் புகழும். கடை அலமாரிகள் காலியாக இருந்ததால்தான் அந்தப் பேச்சு எடுபட்டது என்பதை வகுப்பு சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறது.

இந்த செமஸ்டரில் தங்கை உதவி ஆசிரியராக இருக்கிறாள். பால் கம்பெனிப் பயிற்சியை மாற்றலாமா என்று பேராசிரியரிடம் கேட்டிருக்கிறாள், அவரும் சரி என்றாராம். தாளில் ஒரு வரியை வேண்டுமென்றே தப்பாக வைத்தார்கள். சீனியர் மாணவர்கள் இரண்டு பேர் பக்கத்து அறையில் போனோடு உட்கார்ந்தார்கள், ஒருவர் ஆலை சூப்பர்வைசர், இன்னொருவர் பிள்ளையின் அம்மா. நம்பர்கள் தாளின் கீழே அச்சிட்டிருந்தன. கூப்பிடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஆறு குழுக்களில் இரண்டு குழுக்கள்தான் கூப்பிட்டன. அவர்களால் இருபது நிமிஷத்துக்குள் முடிக்க முடியவில்லை. மற்ற நான்கும் நேரத்துக்குள் கொடுத்தன, எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. யாருக்கு எவ்வளவு மார்க் போடுவது என்று அவளும் பேராசிரியரும் இன்னும் முடிவு செய்யவில்லை.