வெறுப்பில்லாத அநீதி

தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று 2023 மார்ச்சில் ஒரு வதந்தி நாடெங்கும் பரவியது. பீகார் அரசின் குழு நேரில் வந்து விசாரித்தது. பரப்பப்பட்ட காணொளிகள் பொய் என்பது வெளிப்பட்டது. நம் மண்ணில் இனத்துவேஷம் இல்லை என்று நாம் பெருமிதம் கொண்டோம். அப்பெருமிதம் முற்றிலும் நியாயமானதுதானா?

அடிக்காமலிருப்பது வேறு, நீதி செய்வது வேறு. இதனை உலகுக்கு உணர்த்தியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். 1963 இல் பர்மிங்காம் நகரின் தேவாலயம் ஒன்றில் வெள்ளை இனவெறியர் குண்டுவைத்து நான்கு கறுப்பினச் சிறுமியரைக் கொன்றனர். உலகம் பதறியது. ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும் 1967 இல் வெளியிட்ட நூலில் மற்றொன்றையும் சுட்டினர். அதே நகரில் உணவும் உறைவிடமும் மருத்துவ வசதியும் இன்றி ஆண்டுதோறும் கறுப்பினக் குழந்தைகள் மடிகின்றனரே, அதற்குப் பதறுவார் யார்? அங்கே குற்றவாளி என்று கைகாட்ட ஒருவருமில்லை. கொல்வது ஓர் ஏற்பாடு. 1930களில் அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பாகத் தீட்டப்பட்டன. கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்பது அதன் பொருள். அத்தகைய பகுதியினரின் விண்ணப்பத்தை மறுத்த எழுத்தருக்கு உள்ளத்தில் வெறுப்பு வேண்டியதில்லை. விதியைப் பின்பற்றினாலே போதும்.

இந்த வெளிச்சத்தில் நம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைப் பகுதியைப் பார்ப்போம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் இளைஞர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக இங்கே வேலைக்கு வருகின்றனர். "இவர் எங்கள் ஆள் அல்லர்" என்கிறது ஆலை. "ஆலை தருவதைத்தானே தருகிறேன்" என்கிறார் ஒப்பந்தக்காரர். "ஓரறையில் எத்தனை பேர் என்பது அவர்கள் பாடு" என்கிறார் வீட்டுக்காரர். எவரும் கொடியவர் அல்லர். எனினும், பல ஆலைகளில் அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஊதியம் வேறு. ஒப்பந்தத் தொழிலில் தமிழரும் உளர். ஆனால் மொழியறியாமல், வாக்குரிமையைச் சொந்த ஊரில் விட்டு வந்தவருக்கு முறையிடும் வாசலும் அடைபட்டிருக்கிறது.

அடிமைச் சந்தையின் கொடுமையோடு இதனை நாம் சமன்படுத்தவில்லை. நிறத்தால் தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட துயரம் தனித்தது. எனினும், பொறுப்பைப் பலர் கையில் பிரித்து, எவர் கையிலும் இல்லாமற் செய்யும் முறை ஒன்றே. 1948 இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியதை மறவாத சமுதாயம் இதனை அறியாமலிருக்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் அஸ்ஸாமிய இளைஞரும் வீட்டுக்காரரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கின்றனர். அந்தச் சமத்துவம் உண்மையானது. ஆனால் சம்பளப் பதிவேடும் வாடகைக் கணக்கும் அதனை அறிவதில்லை. உள்ளம் தூய்மையாய் இருந்தால் போதுமென்று நாம் அமைதி கொள்ளலாகாது. ஒரே வேலைக்கு ஒரே ஊதியம், அவர் படிக்கக்கூடிய மொழியில் ஒப்பந்தம், மனிதர் வாழத்தக்க அறை: இவற்றை முதலாளியாகவோ, மேற்பார்வையாளராகவோ, வீட்டுக்காரராகவோ இருக்கும் நம்மில் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கேட்டில் எழுதியாக வேண்டும்.