சொல்லாமல் விட்ட பாதி

அயர்லாந்தின் டப்ளின் நகரை ஒரே நாளில் சுற்றிக்காட்டுபவர்கள் ஓ'கானல் தெருவின் தலைமைத் தபால் நிலையத்தைத் தவறவிடுவதில்லை. 1916 ஏப்ரலில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்தவர்களின் தலைமையிடம் அது. பிறகு டப்ளின் கோட்டை. அதன்பின் கில்மைனம் சிறைக்குள் நுழையும்போது கால்கள் ஓய்ந்திருக்கும். ஆனால் அங்கே யாரும் உட்கார இடம் தேடுவதில்லை.

1796இல் திறந்த சிறை. 1840களின் பஞ்சத்தில், உள்ளே போனால் சோறாவது கிடைக்கும் என்று குற்றம் செய்து வந்தவர்கள் உண்டு. 1916 மே 3 முதல் 12 வரை, அந்த ஏப்ரலில் எழுந்தவர்களில் 14 பேரை இங்கே சுட்டுக் கொன்றார்கள். காயம்பட்டு நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். அந்த 14 பேரில் ஒருவரான ஜோசப் பிளங்கெட்டுக்கும் கிரேஸ் கிஃபர்டுக்கும் சிறையின் தேவாலயத்திலேயே திருமணம் நடந்தது. சில மணி நேரத்தில், மே 4 அன்று, பிளங்கெட்டைக் கொன்றார்கள்.

இதுவரை கேட்பது எளிது, கொன்றவன் அந்நியன். ஆனால் 1922இல், பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையை ஏற்ற ஐரிஷ்காரர்களும் ஏற்காதவர்களும் உள்நாட்டுப் போரில் மோதிக்கொண்டார்கள். அந்த நவம்பரில் இதே சிறையில் நால்வரைச் சுட்டது ஐரிஷ் அரசு. 1923இல் கிரேஸையும் அடைத்தது. கணவரை இழந்த அதே சிறையில், தன் அறைச் சுவரில் மாதாவையும் குழந்தையையும் வரைந்தார் அவர்.

1924இல் மூடிய சிறை பாழாகிக் கிடந்தது. 1960இல் தன்னார்வலர்கள் திரண்டு கூலி வாங்காமல் சீர்செய்யத் தொடங்கினார்கள். முதலில் அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: உள்நாட்டுப் போரைப் பற்றிய பேச்சே எடுக்கக் கூடாது. எடுத்தால் வேலை நின்றுவிடும் என்ற பயம். பாகப்பிரிவினையில் முட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள் தங்கை கல்யாணத்தில் ஒன்றாகப் பந்தி பரிமாறுவதில்லையா, அது போல. 1966இல் சிறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்தவர் குடியரசுத் தலைவர் டி வலேரா. 1924இல் இதே சிறையில் இருந்தவர், அடைத்தது அயர்லாந்தின் சொந்த அரசு. அன்று எவ்வளவு விஷயங்களைச் சுற்றிப் போயிருப்பார்கள் என்று நினைக்கையில் எனக்குச் சிரிப்பும் வருகிறது.

அந்த மௌனத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் சுவர்களே மிஞ்சியிருக்காது. ஆனால் அதன் செலவு யார் கணக்கில் விழுந்தது? கிரேஸின் கதையில் கல்யாண இரவு மட்டும் நின்று, சுவரோவியம் வரைந்தவள் மறைந்துபோவாள். ஒற்றுமைக்காக நாம் விழுங்கும் பேச்சு பெரும்பாலும் அடுத்தவருடைய வாழ்க்கையாகவே இருக்கிறது. அவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. இன்று அங்கே உள்நாட்டுப் போரையும் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்க கிரேஸ் இல்லை, அவர் இறந்தது 1955இல்.

உங்கள் குடும்பத்திலும் எடுக்கக்கூடாத பேச்சு ஒன்று இருக்கும். அதில் அடிபட்டவர் இன்னும் இருக்கிறாரென்றால், சபையில் வேண்டாம், தனியாகவாவது அவரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.