யாருடைய லீவு?

"நாளைக்கு வர முடியாதுக்கா. பாப்பாவுக்கு ஜுரம்."

போனை வைத்ததும் எனக்கு முதலில் தோன்றியது அந்தக் குழந்தை அல்ல. படுத்த படுக்கையாக இருக்கும் என் அம்மாவை நாளைக்கு யார் குளிப்பாட்டுவது என்பதுதான்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் எங்கள் வீடு. வீட்டு வேலை பார்த்து அம்மாவையும் கவனிக்கும் அவர் உறையூரிலிருந்து வருகிறார். சத்திரம் பேருந்து நிலையத்தில் தனியார் டவுன் பஸ்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அரசு பஸ்ஸுக்கு நிற்பார். 2021இல் வந்த பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் தனியார் பஸ்ஸில் செல்லாது. டிக்கெட் காசு மிச்சம். காத்திருக்கும் நேரம் அவர் செலவு.

மறுநாள் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லி தற்செயல் விடுப்பு எடுத்தேன். என் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. மாதக் கடைசியில் அவருக்கு எண்ணிக் கொடுத்தபோது மட்டும் ஒரு நாளைக் கழித்துக்கொண்டேன். அன்று இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்தோம்: அவரவர் வீட்டு நோயாளியைப் பார்த்துக்கொண்டோம். என் கணக்கில் அது லீவு. அவர் கணக்கில் 'வரலை'.

சட்டம் என்ன சொல்கிறது? 2017 முதல் 26 வார மகப்பேறு விடுப்பு தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்கிறது. என் வீட்டில் வேலை செய்பவர் ஒரே ஒருவர். தமிழ்நாட்டில் 2007இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் வந்தது. பதிவு செய்தால் பிரசவத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் உதவித்தொகை உண்டு. பிள்ளைக்கு ஜுரம் வந்த நாளுக்குச் சம்பளம்? அது வீட்டுக்காரர் மனசு. வீட்டுப் பணியாளருக்கு வாரம் 24 மணி நேரத் தொடர் ஓய்வு கேட்கும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா இன்னும் சேரவில்லை.

மாதத்துக்கு மாதம் மாறக்கூடிய மனசை நம்பி, பிள்ளைக்குக் கஞ்சி வைத்துக்கொண்டு ஒரு தாய் நிம்மதியாக வீட்டில் உட்கார முடியுமா?

அடுத்த மாதம், பிடித்த பணத்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு, "இனிமே மாசம் நாலு நாள் லீவு எடுத்துக்குங்க, சம்பளம் பிடிக்கமாட்டேன்" என்றேன்.

"அன்னிக்கு அம்மாவ யாரு பாத்துக்குவா?"

"நான் லீவு போட்டுக்கறேன்."

பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டே சிரித்தார். "உங்களுக்கு லீவு இருக்குக்கா. நான் வேலை பாக்குற கீழ வீட்டு மிஸ்ஸுக்கு ஒரு நாள் போகலைன்னா ஸ்கூல்ல சம்பளம் புடிச்சிடுவாங்க. அவங்ககிட்ட நான் எப்படிக் கேக்குறது?"