இரண்டாவது புத்தகம்

சர்ச்சில் சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் "அன்றோடு விட்டேன்" என்றுதான் முடிப்பார்கள். அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷும் ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். தூக்கத்தை விரட்ட ஒரு மாத்திரை, பிறகு தூங்குவதற்கு இன்னொன்று என்று 1960களில் அலைக்கழிந்தவர், கர்த்தர் தன்னைத் தூக்கி நிறுத்திய கதையை 1975இல் தன்வரலாறாக வெளியிட்டார். ஆனால் மாத்திரைப் பழக்கம் மறுபடி வந்து ஒட்டிக்கொண்டது. 1983இல் குடும்பத்தார் கூடிப் பேசி, பெட்டி ஃபோர்டு சிகிச்சை மையத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

1997இல் இன்னொரு தன்வரலாறு எழுதினார். அதில் மறுபடி வழுக்கியதையும் ஒளிக்கவில்லை. எனக்கு இந்த இரண்டாவது புத்தகம்தான் பெரிது. முதல் சாட்சிக்குக் கைதட்டு கிடைக்கும். இரண்டாவதைச் சொல்லத்தான் நெஞ்சுரம் வேண்டும். ஆரணித் தறியில் பட்டு இழை அறுந்தால் பாவையே யாரும் தூக்கி எறிவதில்லை. அந்த இடத்தில் முடிந்துவிட்டு அடுத்த ஊடையை ஓட்டுகிறார்கள்.

மருத்துவமா, விசுவாசமா என்று பட்டிமன்றம் வைப்பது நமக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கேஷ் இரண்டையும் பிடித்துக்கொண்டார். சிகிச்சைக்குப் பிறகு, அப்போஸ்தலர் பவுலைப் பற்றி எழுதிவந்த நாவலை முடித்து 1986இல் வெளியிட்டார்.