மருந்தை விற்கலாம், அச்சத்தை விற்கலாமா?

ஜினதருமம் இல்லறத்தார்க்கு வகுத்த தானங்கள் நான்கு. ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்பன அவை. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் எனத் தமிழில் வழங்குவர். இவற்றுள் மருந்து இன்று பெரும்பாலும் விலைக்கே கிடைக்கிறது. இதனைக் குறைகூறிப் பயனில்லை. கட்டடத்திற்கும் கருவிகளுக்கும் ஊழியர் ஊதியத்திற்கும் பொருள் வேண்டும். எனினும் எப்பொருளை விற்பதற்கும் ஒரு முறை உண்டு. மருத்துவமனைகள் தம்மை விற்கும் முறை அறத்திற்கு உட்பட்டதா என்பதே இங்கு நாம் சிந்திக்கவேண்டிய வினா.

அம்பத்தூரிலிருந்து வானகரம் செல்லும் சாலையில் அயனம்பாக்கத்தைக் கடப்போர்க்கு இவ்வினா தொலைவிலுள்ளதன்று. அப்பல்லோ குழுமத்தின் மருத்துவமனை ஒன்று இவ்வூரிலேயே அமைந்துள்ளது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை 2017-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. போரூரில் ஸ்ரீ இராமச்சந்திரா மருத்துவமனை உள்ளது. இவற்றுக்கிடையே சிறியனவும் நடுத்தரமானவையும் பல. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து வந்து சென்னைப் புறநகர்களில் குடியேறிய நம் குடும்பங்களில் முதியோர் பலர் உளர். எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்னும் தீர்மானத்தை இன்று பல வீடுகளில் விளம்பரமே செய்கிறது.

அவ்விளம்பரம் பல உருவங்களில் வருகிறது. சாலையோரப் பலகை, நாளிதழ் இணைப்பு, தொலைக்காட்சியில் மருத்துவர் உரையாடல், குடியிருப்புகளில் இலவசப் பரிசோதனை முகாம், மகளிர் தினச் சலுகை, முழு உடல் பரிசோதனைத் திட்டம் ஆகியன கண்ணுக்குத் தெரிவன. நோயாளியை அனுப்பிவைக்கும் மருத்துவர்க்குக் கமிஷன் கொடுப்பது கண்ணுக்குத் தெரியாதது.

சட்டம் இதனை அறியாமல் இல்லை. இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள், மருத்துவர் நோயாளிகளை நேராகவோ மறைவாகவோ தம்பால் ஈர்க்க விளம்பரம் செய்வதை முறையற்றது என்கின்றன. நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் கொடுப்பதும் பெறுவதும் விலக்கப்பட்டுள்ளன. மருத்துவர் நடத்தும் நிலையம் தன் பெயர், ஏற்கும் நோயாளர் வகை, வசதிகள், கட்டணம் இவற்றை அறிவிக்கலாம், அதற்குமேல் கூறலாகாது. ஆனால் இவ்விதிகள் பதிவுபெற்ற மருத்துவரைக் கட்டுப்படுத்துமேயன்றி, மருத்துவமனையை நடத்தும் கம்பெனியை நேராகக் கட்டுப்படுத்துவதில்லை. பொய்யான விளம்பரத்தை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தண்டிக்கும். ஆயினும் பொய் கலவாமலேயே மனத்தைக் கலக்கும் விளம்பரத்தை எச்சட்டம் தடுக்கும்? சட்டம் நிற்குமிடத்தில் விரதம் தொடங்குகிறது.

உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வாய்மை அணுவிரதத்திற்குரிய குற்றங்கள் ஐந்தினைக் கூறுகிறார். தவறான வழியை உபதேசிப்பது, பிறர் மறைபொருளை வெளியிடுவது, பொய்யான எழுத்தை உண்டாக்குவது ஆகியவை அவற்றுள் மூன்று. இவற்றை மருத்துவமனை வாயிலில் நிறுத்திப் பார்ப்போம். தேவையற்ற சோதனையைத் தேவையென்று கூறுவது முதற் குற்றம். குணமடைந்த நோயாளியின் படத்தையும் நோயையும் அவர் மனமார இசையாமலே பலகையில் ஏற்றுவது இரண்டாவது. சான்றில்லாத வெற்றிக் கணக்கை அச்சிடுவது மூன்றாவது. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட சூத்திரம் நம் காலத்து வணிகத்திற்கும் அளவுகோலாகிறது.

இவற்றினும் நுண்ணியது ஒன்றுண்டு. “நாற்பது வயதைக் கடந்துவிட்டீரா? உங்கள் இதயம் நலமாக உள்ளதென உறுதியாகக் கூறமுடியுமா?” என்று ஒரு பலகை கேட்பதாகக் கொள்வோம். இதில் பொய் இல்லை. ஆயினும் படித்தவர் நெஞ்சில் அச்சம் புகுந்துவிடுகிறது. அவ்வச்சத்தைப் போக்கிக்கொள்ள அவர் பணம் செலுத்துகிறார். உயிர்களின் அச்சத்தைப் போக்குவதே அபய தானம். மருந்து கொடுப்பதன் நோக்கமும் இறுதியில் அதுவே. அச்சத்தை விதைத்து மருந்தை விற்பவர் ஒரு கையால் ஔஷதம் கொடுத்து மறு கையால் அபயத்தைப் பறிக்கிறார். உயிரைத் துன்புறுத்தக் கருவி வேண்டுவதில்லை. காரணமின்றிக் கலங்கச் செய்வதும் இம்சையே.

அவ்வாறாயின் மருத்துவமனை வாய்மூடி இருக்கவேண்டுமோ? அன்று. நோய் தீரும் இடம் உண்டென்று அறியாமல் ஒருவர் பார்வையிழந்தால், அறிவிக்காதவர்க்கும் அதில் பங்குண்டு. இதற்கு நல்ல சான்று நம் தமிழ்நாட்டிலேயே உளது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டு மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். சிகிச்சை இலவசம் என்று அறிவித்தால் மட்டும் ஏழை வருவதில்லை என்பதை அந்நிறுவனம் அனுபவத்தில் கண்டது. பேருந்துக் கட்டணம், உணவு, துணைக்கு வருவோரின் கூலியிழப்பு, கத்தியைப் பற்றிய பயம் ஆகியன தடையாக நின்றன. ஆகவே கிராமங்களில் முகாம் நடத்தி, அறுவை சிகிச்சை வேண்டியவர்களை வண்டியில் அழைத்துவந்து, உணவும் இடமும் அளித்துத் திரும்ப ஊரில் விட்டனர். கட்டணம் செலுத்துவோரிடம் பெறும் வருவாய் ஏனையோர்க்கும் பயன்படுகிறது. இதுவும் நோயாளரைத் தேடிச் செல்லும் முறைதான். ஆனால் இது அச்சத்தை உண்டாக்காமல் நீக்கிற்று.

இத்துறையைக் கற்க விரும்பும் நம் இளைஞர்க்கும் இதில் வழியுண்டு. அரவிந்த் நிறுவனம் 1992-ஆம் ஆண்டு மதுரையில் ‘லைக்கோ’ என்னும் பயிற்சி நிலையத்தை நிறுவி, மருத்துவமனைகளை நடத்தவும் மக்களை அணுகவும் பிற நாட்டினர்க்கும் கற்பிக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளி இம்மருத்துவமனையின் வரலாற்றைத் தன் மாணவர்க்குப் பாடமாக்கியது. மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், ஐதராபாத்தில் அப்பல்லோ குழுமத்தின் கல்லூரி போன்ற இடங்களில் மருத்துவமனை நிர்வாகம் பட்டப்படிப்பாக உள்ளது. எங்குக் கற்பினும், நோயாளரை வாடிக்கையாளராக எண்ணும் கல்வியோடு, உயிராக எண்ணும் நற்காட்சியையும் உடன்கொண்டு செல்லவேண்டும். நற்காட்சி இல்லாத அறிவு நல்ஞானம் ஆகாது என்பது நம் நெறி.

நோயாளராகச் செல்லும் நமக்கும் கடமையுண்டு. முகாமிற்குச் சென்றால், “ஒன்றுமில்லை, நலமாக இருக்கிறீர்கள்” என்று எத்தனை பேரை மகிழ்ச்சியுடன் திருப்பி அனுப்புகின்றனர் என்று பாருங்கள். எவரையும் வெறுங்கையோடு அனுப்பாத முகாம் வலைவீச்சாக இருக்கலாம். கட்டணத்தை முன்னரே எழுத்தில் கேளுங்கள். பெரிய சிகிச்சையெனில் இரண்டாவது மருத்துவரின் கருத்தைப் பெறுங்கள். பலகையில் உள்ள பெயரைவிட, சிகிச்சை பெற்றுத் திரும்பிய உறவினரின் சொல் பெரும்பாலும் நம்பத்தக்கது.

தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே, திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. காயமுற்ற புறாவுக்கும் கிளிக்கும் அங்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கின்றனர். எப்பறவையும் விளம்பரத்தைப் படித்து அங்கு வருவதில்லை. இரக்கமுள்ளோர் கைகளில் ஏந்திக் கொண்டுவருகின்றனர். எல்லா மருத்துவமனைகளும் அவ்வாறு இயங்க இயலாது. ஆனால் எந்த மருத்துவமனையும் தன் விளம்பரத்தை எழுதும் முன், இது படிப்பவரின் அச்சத்தைக் குறைக்குமா கூட்டுமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளலாம். குறைக்குமாயின், விலைக்குக் கொடுத்த மருந்திலும் தானத்தின் சாயல் உண்டு.

அறம் வளர்க! அனைத்துயிரும் அச்சமின்றி வாழ்க!